கச்சேரி ரோட்டுக் கால் ஆசுபத்திரி

பலகையில் எழுதி மாட்டியிருந்த பெயர் வேறு. மாதர் சங்கத்துச் சீமாட்டிகள் கூடி இங்கிலீஷில் நீளமாக ஒன்று வைத்திருந்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அங்கே வந்தவர்களுக்குப் படிக்கத் தெரியாது. கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கமாகப் பிரியும் சந்தில், முற்றத்தில் ஒரு முருங்கை மரத்தோடு நின்ற அந்த ஓட்டு வீட்டைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கால் ஆசுபத்திரி என்றுதான் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் திறந்திருக்கும். ரிக்‌ஷாக்காரனிடம் கால் ஆசுபத்திரி என்று சொன்னால் போதும், வாடகை பேசாமலே இழுப்பான் என்று அந்தோணியம்மாள் இன்றைக்கும் சொல்லுவாள். அது பொய். அவள் ரிக்‌ஷாவில் ஏறினதே இல்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்துதான் போவாள். ஆனால் பிரியப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசும்போது யார்தான் உள்ளதை உள்ளபடி பேசுகிறார்கள்?

இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில், அந்த வீடு விறகுத்தொட்டியாகிவிட்டது. மாதர் சங்கத்தார் ஆழ்வார்பேட்டையில் பெரிய கட்டடமாகப் பார்த்துப் போய்விட்டார்கள். அங்கே பெஞ்சு உண்டு, மின்சார விசிறி உண்டு, வாசலில் சேவகன் உண்டு. போய்ப் பார்த்துவிட்டு வந்த அந்தோணியம்மாள், தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், இது என்ன ஆசுபத்திரி என்று சொல்லிவிட்டாள். மீன் கூடையோடு விறகுத்தொட்டியைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை கொஞ்சம் தளரும்.

அந்தோணியம்மாள் மீன்காரி. அவள் புருஷன் தேசப்பன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன், அதிகம் பேசாதவன். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரே பெண் மதலேன். கூப்பிடுவது மதலி என்று. இரண்டு வயதில் காய்ச்சல் வந்து படுத்த குழந்தை, காய்ச்சல் விட்டு எழுந்தபோது இடது கால் எழவில்லை. மாதா கோயிலில் நேர்ந்துகொண்டார்கள். பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். தர்காவில் மந்திரித்துத் தாயத்தும் கட்டினார்கள். கடைசியில், இது இளம்பிள்ளை வாதம், தேய்த்து நீட்டிக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று யாரோ சொல்லித்தான் அவள் அந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே எல்லாம் நர்ஸ் ஜெயபாரதியின் ராஜ்யம். அவளுடைய அப்பா கதர்க்காரர். மகள் பிறந்த அன்று ஏதோ ஊர்வலத்தில் இருந்தவர், அந்த வேகத்திலேயே பெயரையும் வைத்துவிட்டார். மகள் பண்ணுகிற அதிகாரத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரத் துரையே எழுந்து நின்றிருப்பான். டாக்டரம்மா மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவாள். மற்றச் செவ்வாய்களில் கூடம் நிறையப் பாய், பாய் நிறையப் பிள்ளைகள், வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாசனை, நடுவில் ஜெயபாரதி.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. தன் பிள்ளையின் காலை எந்தத் தாயும் தானே நீட்டக் கூடாது. பிள்ளை 'அம்மா' என்று அலறினால் பெற்றவள் கை தளர்ந்துவிடும். ஆகவே பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். உன் பிள்ளை அவளிடம், அவள் பிள்ளை உன்னிடம். முதல் நாள் இதைக் கேட்ட அந்தோணியம்மாள், இது என்ன அக்கிரமம் என்று சண்டைக்குப் போனாள். ஜெயபாரதி மதலியை அவள் மடியிலிருந்து தூக்கி, பக்கத்துப் பாயில் இருந்த குல்சும் மடியில் போட்டாள். குல்சுமின் மகன் பீர் முஹம்மதைத் தூக்கி அந்தோணியம்மாள் மடியில் போட்டாள். அவ்வளவுதான், சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

குல்சும் கச்சேரி ரோட்டில் மசூதிப் பக்கத்துச் சந்தில் இருந்தவள். புருஷன் ஷரஃபுதீனுக்குக் குடைக்கடை. மழை பெய்தால் ஊரெல்லாம் சலித்துக்கொள்ளும், ஷரஃபுதீன் மட்டும் வாசலில் நின்று சிரிப்பார். குல்சும் சின்னக் குரலில் பேசுகிறவள், அதுவும் உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். ஆனால் கை என்றால் கை. மதலி கத்துகிற கத்தலில் முருங்கை மரத்துக் காக்கை பறந்துவிடும். அந்தக் கை தளராது. அந்தோணியம்மாளுக்கோ பீரு அழ ஆரம்பித்தாலே கண் கலங்கிவிடும். வாய் இருந்த அளவுக்கு அவளுக்கு நெஞ்சில் தைரியம் கிடையாது. அதைக் கண்டுபிடித்தவள் குல்சும் ஒருத்திதான், கண்டுபிடித்தும் சொல்லிக் காட்டாதவளும் அவள்தான்.

மதலி குல்சுமை 'காலா' என்று கூப்பிடப் பழகினாள். பீருவின் உறவுப் பிள்ளைகள் சித்தியைக் கூப்பிடுவது அப்படி. மதலிக்கு அதெல்லாம் தெரியாது. காலைப் பிடித்து விடுவதால் காலா என்று அவளே பொருத்தம் பண்ணிக்கொண்டாள். பிள்ளைகளை மாற்றிக்கொண்ட தாய்மார்கள் வேலை முடிந்ததும் மாற்றிக்கொண்டது வீட்டுக் கதைகளை. எந்த மாமியார் எப்படி, எந்தப் புருஷன் பிள்ளையைத் திரும்பியும் பார்ப்பதில்லை, யாரைப் பார்த்து யார் 'என்ன பாவம் செய்தாளோ' என்றார்கள், எல்லாம் அங்கே வரும். வெளியே அழ முடியாத அழுகையை அங்கே அழுதார்கள், அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அந்தோணியம்மாள் வாழ்க்கையில் அந்தக் கூடத்தில் சிரித்த மாதிரி வேறெங்கும் சிரித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சரி. மற்ற நாட்களில் வீட்டில் பெற்றவள்தான் செய்ய வேண்டும். படுக்கப்போகும்முன் காலை நீட்டி, பஞ்சு வைத்துத் தைத்த பலகையில் கிடத்தித் துணியால் கட்ட வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது. விட்டால் முழங்கால் மடங்கினபடி நின்றுவிடும், அப்புறம் பிள்ளை தவழ வேண்டியதுதான் என்று ஜெயபாரதி சொல்லியிருந்தாள். அந்தோணியம்மாள் அழுதுகொண்டே கட்டினாள். கட்டினாளே தவிர நம்பிக்கை ஆட்டம் கண்டுகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு செவ்வாயும் வாசலில் கால் வைக்கும்போதே, "இன்னா நர்சம்மா, நடக்குமா?" என்று கேட்பாள். "நடக்கும்" என்பாள் ஜெயபாரதி, தலையைத் தூக்காமலே. அந்த ஒரு வார்த்தை அடுத்த செவ்வாய் வரைக்கும் தாங்கும்.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸே மூட்டை கட்டியது. கொழும்பில் குண்டு, விசாகப்பட்டணத்தில் குண்டு, அடுத்தது இங்கேதான் என்றார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் கூரையில்கூட இடமில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. சுடச்சுட வதந்தி, நிமிஷத்துக்கு ஒன்று. இந்த அமளியில் அந்தோணியம்மாள் வழக்கம்போல மதலியைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்தாள். வாசலில் மாட்டுவண்டி. பாயெல்லாம் சுருட்டி ஏற்றியாயிற்று. ஜெயபாரதி குனிந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வருகிற தாய்மார்கள் ஒவ்வொருத்தராக, இனிமேல் செவ்வாய்க்கிழமை உண்டா இல்லையா என்று கேட்டு அவள் உயிரை வாங்கியிருந்தார்கள்.

"இன்னா நர்சம்மா, நடக்குமா?" என்று கேட்டாள் அந்தோணியம்மாள், பழக்க தோஷத்தில்.

"இனிமே நடக்காதும்மா," என்றாள் ஜெயபாரதி, தலையைத் தூக்காமலே. "வீணா அலையாதே. எங்கயாவது ஊர்ப்பக்கம் போய்ச் சேரு."

பிள்ளையும் நம் ஊரில் 'அது'தான், ஆசுபத்திரியும் 'அது'தான். ஜெயபாரதி சொன்னது ஆசுபத்திரியை. அந்தோணியம்மாள் காதில் விழுந்தது பிள்ளையை. வேறு சமயமாக இருந்தால் மேலே நாலு வார்த்தை கேட்டிருப்பாள், ஊரையே கூட்டியிருப்பாள். அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை. மதலியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் கால் கட்டும் பலகையை அடுப்பில் விறகாக வைத்தாள். தேசப்பன் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டான். நடக்காது என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். அவன் கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்திருந்துவிட்டு வெளியே போய் மணலில் உட்கார்ந்துகொண்டான். காலைக் கட்டாததால் மதலி அழாமல் தூங்கினாள். வீடு வெகுகாலத்துக்குப் பிறகு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அந்தோணியம்மாளுக்கு இதமாகக்கூட இருந்தது. பிற்பாடு இதை நினைக்கும்போதுதான் அவளுக்கு வயிறு எரியும்.

குப்பத்து ஜனங்களோடு பூந்தமல்லிப் பக்கம் போனார்கள். கடலில்லாமல் தேசப்பன் முகம் செத்துப்போய்விட்டது. ஜப்பான்காரன் வந்தால் வரட்டும் என்று சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். ஆனால் கச்சேரி ரோட்டுக் கடைகள் பாதிக்குமேல் மூடியே கிடந்தன. குல்சும் வீட்டார் ஆம்பூரில் உறவுக்காரர்களிடம் போனவர்கள், மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் வந்தார்கள். குடைக்கடைக்காரர் வேறு எப்போது வருவார்?

அந்தோணியம்மாள் அந்தச் சந்துப் பக்கம் கூடையைக் கொண்டுபோகாமல் தவிர்த்துவந்தாள். நடக்கப்போகும் பிள்ளையை வைத்திருப்பவள் முகத்தில் விழிக்க அவளுக்கு மனசில்லை. ஒருநாள் சங்கரா மீன் நிறைய விழுந்து, வேறு தெருவில் விற்கவில்லை. மதலியை இடுப்பிலும் கூடையைத் தலையிலுமாக அந்தப் பக்கம் போனாள். வாசல் படுதாவுக்குப் பின்னாலிருந்து குல்சும் குரல் கேட்டது. உள்ளே இழுத்துப் போகாத குறைதான். அணைத்துக்கொண்டாள், அழுதாள், மதலியை வாங்கி மடியில் போட்டாள். பழக்கத்தில் அவள் கை நேரே முழங்காலுக்குப் போனது. கால் நீளவில்லை. அவள் முகம் மாறியது.

"இன்னா அந்தோணி இது? நீ கட்டவே இல்லியா?"

"எதுக்குக் கட்டணும்? நர்சம்மாவே வாயால சொல்ச்சே, இனிமே நடக்காதுன்னு."

 குல்சுமுக்கு அப்போதுதான் புரிந்தது.

"யா அல்லா. எங்கிட்டயும் அதேதான் சொன்னாங்க. ஆஸ்பத்திரி நடக்காதுன்னு, அந்தோணி. செவ்வாக்கெழமை நடக்காதுன்னு. புள்ளைய இல்ல."

அந்தோணியம்மாள் அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஜெயபாரதியைத் திட்டத்தான் வாயெடுத்தாள். தன்னைத்தானே அறைந்துகொண்டாள். குல்சும் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பீருவின் பலகையை எடுத்துவரச் சொல்லி, அங்கேயே, அப்போதே, வெந்நீர் வைத்து மதலியின் காலை ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். சங்கரா மீன் வாசலில் கிடந்தது. அதை அன்றைக்கு எந்தப் பூனை தின்றது என்று யாரும் விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து கால் ஆசுபத்திரி குல்சுமின் உள்ளறையில் நடந்தது. காலையில் மதலியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அந்தோணியம்மாள் வியாபாரத்துக்குப் போவாள், வெயில் தாழ வந்து கூட்டிப்போவாள். ஜெயபாரதியின் சட்டம் அப்படியே அமலில் இருந்தது. மதலி குல்சும் கையில், அந்தோணியம்மாள் வந்ததும் பீரு அவள் கையில். கட்டுவதற்குப் பழைய குடைத்துணியைக் கிழித்துக் கொடுத்தார் ஷரஃபுதீன். மீன் வாசனை வருகிறது என்று முணுமுணுத்ததும் அவர்தான். பிள்ளை கத்துகிற கத்தலைக் கேட்டு, குடைக்காரர் வீட்டில் யாரையோ கொலை செய்கிறார்கள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் ஓடிவந்ததும் உண்டு. முழங்கால் நெல்லளவு நெல்லளவாகத்தான் இறங்கிக்கொடுத்தது. முழுக்க இறங்குமா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. கேட்பதற்கு அந்தோணியம்மாளுக்குத் தைரியமும் இல்லை.

அடுத்த வருஷம் நடுவில் மாதர் சங்கத்தார் வீட்டை மறுபடி திறந்தார்கள். ஜெயபாரதி, குண்டு பயத்தில் போயிருந்த சேலத்திலிருந்து வந்தாள், இளைத்திருந்தாள். அவளுக்கென்று அந்தோணியம்மாள் மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. கூடம் நிறையப் பேர் பார்க்க எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெயபாரதிக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதே ஞாபகமில்லை. கதை முழுவதும் கேட்ட பிறகு அந்த அதிகாரக்காரி பாயில் உட்கார்ந்து, மதலியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். திட்டுகிறவளுக்கு அதற்கு மேல் என்ன வேலை? அந்தோணியம்மாளே முந்தானையை எடுத்து அவள் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கித்தான் நிற்கும், அது போனது போனதுதான் என்றாள் ஜெயபாரதி. ஆனால் இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் செய்து மாட்டினால், ஊன்றிக்கொண்டு நடக்கிற காலாக ஆகலாம், கைவிடாமல் செய்தால்.

பூட்ஸ் வந்தது. மதலி அதை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பாள். கையை விடச் சொன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். பீரு அதற்குள் சந்தில் ஓடி விளையாட ஆரம்பித்திருந்தான், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. அதைப் பார்க்கிறபோது அந்தோணியம்மாளுக்குச் சந்தோஷமும் வரும், தன் பிள்ளையின் பக்கம் கண்ணும் போகும்.

ஒருநாள் பிற்பகல் அவள் வெறுங்கூடையோடு வந்தபோது, குல்சும் வழக்கத்துக்கு மாறாக வாசலிலேயே காத்திருந்தாள். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். பீருவை ஓர் ஓரமாக, வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. மதலி எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தாள். குல்சும் குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மதலி சுவரை விட்டாள். பூட்ஸின் இரும்புச் சட்டம் கிரீச்சிட்டது. உடம்பை ஒரு ஆட்டு ஆட்டிக் காலைத் தூக்கி வைத்தாள். பிறகு இன்னொன்று. அறை நடுவில் நின்று தள்ளாடினாள், விழவில்லை. அப்படியே வந்து தாயின் மடியில் தொப்பென்று விழுந்தாள். அந்தோணியம்மாள் சத்தம் போட்டுச் சிரித்தாள், பிள்ளையின் முதுகில் ஓர் அடி வைத்தாள், இத்தனை நாள் எங்கேடி வெச்சிருந்த இந்தக் காலை என்று கேட்டு ஓவென்று அழுதாள். குல்சும் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அதிலிருந்து அந்தோணியம்மாளுக்கு இதே பேச்சுத்தான். மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டாக வேண்டும். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது தன் கண் முன்னால் என்று சொல்லும்போது எடைக்கு மேலே ஒரு மீன் தாராளமாக விழும். எத்தனையோ இழந்தாலும் அந்த ஒன்றைத் தான் இழக்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். பெற்றவள் இல்லாத நேரத்தில் எத்தனை பிள்ளைகள் நடந்துவிடுகின்றன!

நாற்பத்தாறில் ஷரஃபுதீன் கடையை மூடிவிட்டுத் தம்பியின் தோல் வியாபாரத்தில் சேர வாணியம்பாடி போனார். குல்சும் போகும்போது இரண்டு பெண்களும் அழுதது ரோடு வரை கேட்டதாம். கடிதம் எழுத இரண்டு பேருக்கும் தெரியாது. அத்தோடு சரி.

இந்த வருஷம் மதலி மாதா கோயிலில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிறாள். அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும். பிறந்ததிலிருந்து செய்த பாவங்களை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேச வகுப்பில் சொல்லியனுப்பியிருந்தார்கள். மதலி வாசலில் சட்டக் காலை நீட்டி உட்கார்ந்து, சிரத்தையாக ஆத்தும சோதனை பண்ணிக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மாள் பக்கத்தில் கருவாட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, ஒருத்தருக்குத் தெரியாம ஒண்ண மறைச்சு வெச்சா அது பாவமா?"

இன்னா மறைச்சே என்று கேட்டாள் தாய், பாதிக் கவனத்தோடு.

"மொத மொத நடந்தது. நீ பாத்தியே, அதுக்கு மொத நாளே நான் நடந்துட்டேன். நீ மீன் விக்கப் போயிருந்த. காலாதான் ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு. பீருகிட்டயும் சத்தியம் வாங்கிச்சு. 'நாளைக்கு ஒங்கம்மா வந்ததும் நட, அதான் மொதல். இன்னிக்கு நடந்தது இல்ல'ன்னு சொல்லிச்சு."

அந்தோணியம்மாள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.  குல்சும் வாசலில் காத்திருந்ததும், பீரு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், அவள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மாதக்கணக்கில் தன் கையால் நீட்டி நீட்டி நடக்கவைத்த காலின் முதல் அடியைத் தான் பார்த்துவிட்டு, பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாளே அந்தச் சின்னக் குரல்காரி. வாணியம்பாடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அந்தோணியம்மாளுக்குத் தெரியாது.

"பாவமாம்மா?" என்றாள் மதலி மறுபடி.

"இல்ல கண்ணு. அத சாமியாருகிட்ட சொல்லத் தேவயில்ல," என்றாள் தாய்.

மறுநாள் லஸ் பக்கம் ஒரு புது வீட்டுக்காரி மீன் வாங்கும்போது, கூட வந்த மதலியின் காலைப் பார்த்துவிட்டு, பாவம், எப்போதிலிருந்து இப்படி என்று விசாரித்தாள். அந்தோணியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். கால் ஆசுபத்திரியில் ஆரம்பித்து, குல்சும் பெயரையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், முதல் அடி வைத்தது தன் கண் முன்னால்தான் என்றும் சொன்னாள். மதலி நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பேசாமல் இருந்துவிட்டாள். குல்சும் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அந்தோணியம்மாளுக்கு மனசில்லை.